ஐயூஐ-க்கு முன்னால் மாத்திரையா, ஊசியா, ஒன்றுமே வேண்டாமா?

எச்எஸ்ஜி (கருக்குழாயைப் பார்க்கும் எக்ஸ்ரே) எடுத்தாயிற்று, இரண்டு ட்யூபும் திறந்திருக்கின்றன. விந்துப் பரிசோதனை நார்மல். பீரியட்ஸ் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது, முட்டையும் வெளியாகிறது. தைராய்டு, புரோலாக்டின் எல்லாம் அளவோடுதான் இருக்கின்றன. ஆனாலும் இரண்டு மூன்று வருடமாகக் கரு தங்கவில்லை. டாக்டர் ஃபைலில் 'காரணம் தெரியாத குழந்தையின்மை' என்று குறித்துவிட்டு அடுத்த வரியில் ஐயூஐ என்று எழுதுகிறார். பக்கத்திலேயே ஒரு மாத்திரையின் பெயரோ ஊசியின் பெயரோ இருக்கும்.

பெரும்பாலான தம்பதிகள் ஐயூஐ பற்றித்தான் கேட்கிறார்கள். வலிக்குமா, அன்றைக்கே வேலைக்குப் போகலாமா, பைக்கில் வரலாமா. பக்கத்தில் எழுதியிருக்கும் மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் எத்தனை தடவை ஸ்கேனுக்கு அலைய வேண்டும், எவ்வளவு செலவாகும், கரு நின்றால் ஒன்றா இரண்டா மூன்றா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மருந்தின் கையில் இருக்கிறது. ஐயூஐ என்பது கழுவி எடுத்த விந்தணுவை மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் விடுவது, ஐந்து நிமிட வேலை. அதற்கு முந்தைய பத்து நாளில் நடப்பதுதான் உண்மையான சிகிச்சை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மாதிரியான தம்பதிக்கு, மனைவிக்கு வயது 35-க்குள் இருந்தால், மாத்திரையோடு ஐயூஐ, மூன்று அல்லது நான்கு மாதம், அதற்குமேல் இழுக்காமல் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) பற்றிப் பேச்சு. ஊசி இந்தக் கணக்கில் வந்தால் குறைந்த டோஸில் மட்டும், கடுமையான கட்டுப்பாட்டோடு. ஏன் என்பதைத்தான் கீழே விவரிக்கிறேன்.

ஒன்றும் போடாமல் செய்வது

இயற்கையாக வளரும் ஒரே முட்டையை ஸ்கேனில் பார்த்துக்கொண்டு, அது வெளிவரும் நேரத்தில் ஐயூஐ செய்வது முதல் வழி. பக்கவிளைவு கிடையாது, இரட்டைக் குழந்தை பயமும் கிட்டத்தட்ட இல்லை. 2008-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று 580 தம்பதிகளை மூன்றாகப் பிரித்தது. ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 17 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. மருந்தில்லாத ஐயூஐ செய்தவர்களில் 23 சதவீதம். ஐயூஐ இல்லாமல் குளோமிஃபீன் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 14 சதவீதம்.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். மாதாமாதம் முட்டை ஒழுங்காக வெளியாகும் பெண்ணுக்கு மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்து, 'இந்த இந்த நாளில் சேர்ந்திருங்கள்' என்று அனுப்புவது நம் ஊரில் சர்வசாதாரணம். சும்மா இருந்தவர்களைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. அதில் ஆறு மாதம் போய்விட்டது என்று சொல்லும் தம்பதிகளை நிறையப் பார்க்கலாம்.

மருந்தில்லாத ஐயூஐ-யும் காத்திருப்பதைவிட உறுதியாக மேல் என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியவில்லை. 23-க்கும் 17-க்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆனால் சிலருக்கு இது சரியான வழி. கணவர் கப்பலிலோ வளைகுடாவிலோ இருந்து விந்துவை உறைய வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அல்லது வலியால் உடலுறவே கொள்ள முடியவில்லை, அல்லது தானம் பெற்ற விந்து தேவைப்படுகிறது என்றால், அங்கே முட்டையில் பிரச்சினை இல்லை, விந்தணு உள்ளே போய்ச் சேருவதில்தான் பிரச்சினை. முட்டையை ஏன் தூண்ட வேண்டும்? தான விந்து என்றால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் வர வேண்டும். 'நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம்' என்று எந்த கிளினிக் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மாத்திரையும் ஐயூஐ-யும் சேரும்போது

தனித்தனியாக அதிகம் சாதிக்காத இரண்டும் சேர்ந்தால் கதை மாறுகிறது. நியூசிலாந்தில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தானாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவு என்று கணிக்கப்பட்ட 201 பெண்கள். பாதிப் பேருக்கு மாத்திரையோடு மூன்று ஐயூஐ, மீதிப் பேர் காத்திருந்தார்கள். முதல் பிரிவில் 31 சதவீதத்தினருக்குக் குழந்தை, இரண்டாவதில் 9 சதவீதம்.

இதில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது சுவாரசியம். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல், காரணம் தெரியாத குழந்தையின்மைக்கு ஐயூஐ-யை வழக்கமாகச் செய்ய வேண்டாம், இரண்டு வருடம் முயன்றுவிட்டு ஐவிஎஃப் போகலாம் என்றது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2020-இல், மாத்திரையோடு மூன்று நான்கு ஐயூஐ செய்துவிட்டுப் போகலாம் என்றது. இங்கிலாந்தில் அரசு செலவில் ஐவிஎஃப் கிடைக்க வழி இருக்கிறது. இங்கே பெரும்பாலானவர்கள் நகையை அடகு வைத்தோ லோன் போட்டோதான் அதைச் செய்கிறார்கள். ஆகவே நமக்கு அமெரிக்கக்காரர்கள் சொல்லும் வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சரி, எந்த மாத்திரை? குளோமிஃபீனா, லெட்ரோசோலா?

இரண்டும் பீரியட்ஸ் வந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி ஐந்து நாள் சாப்பிடுவது. இரண்டுக்கும் குறி ஒன்றே: முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்எச்-இன் சுரப்பை மூளை தானே கூட்ட வேண்டும். போகும் பாதைதான் வேறு. குளோமிஃபீன், மூளை ஈஸ்ட்ரோஜனை உணரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளை நினைத்து எஃப்எஸ்எச்-ஐ ஏற்றுகிறது. ஆனால் இந்த மருந்து உடம்பைவிட்டு லேசில் போகாது, வாரக்கணக்கில் தங்கும். அதனால் ஒரு ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) பெரிதான பிறகும் மூளைக்குத் தகவல் சரியாகப் போவதில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து வளர இடம் கிடைக்கிறது. அதே அடைப்பு கர்ப்பப்பையிலும் நடப்பதால் சிலருக்கு உள்சுவர் மெலிந்துபோகிறது. ஸ்கேனில் ஃபாலிக்கிள் 20 மில்லிமீட்டர் அழகாக இருக்கும், எண்டோமெட்ரியம், அதாவது அந்த உள்சுவர், 5.5-இல் நிற்கும். அந்த ஸ்கேனைப் பார்க்கும் டாக்டரின் முகமே சொல்லிவிடும். உடம்பு சூடாகி வியர்ப்பது, எரிச்சல், அழுகை இதெல்லாம் குளோமிஃபீனில் வருவதுதான். பார்வை மங்கினாலோ கண்ணில் மின்னல் மாதிரி தெரிந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

லெட்ரோசோல், ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே சில நாள் குறைக்கிறது. இரண்டு நாளுக்கு ஒரு முறை அளவு பாதியாகும், எனவே முட்டை பெரிதாகும் நேரத்துக்குள் மருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். பெரிய ஃபாலிக்கிள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் மூளைக்கு ஒழுங்காகத் தெரிகிறது, எஃப்எஸ்எச் இறங்குகிறது, கூட வந்த குட்டி ஃபாலிக்கிள்கள் சுருங்கிவிடுகின்றன. உள்சுவரும் பொதுவாகக் கெடுவதில்லை.

மருந்துக்கடையில் லெட்ரோசோல் வாங்கிவந்து கூகுளில் தேடினால் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வரும். வீட்டில் ஒரு கலவரம் நடக்கும். உண்மைதான், அது அதற்காக வந்த மருந்துதான். 2005-இல் ஒரு மாநாட்டில், இந்த மாத்திரையால் பிறக்கும் குழந்தைகளுக்குக் குறை வருமோ என்ற சந்தேகம் கிளப்பப்பட்டது. 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மைச் சிகிச்சையில் இதற்குத் தடை போட்டது, 2017-இல் தடை விலகியது. இதற்கிடையில், 2006-லேயே கனடாவில் 911 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்திருந்தது. பிறவிக் குறைபாடு லெட்ரோசோல் குழந்தைகளில் 2.4 சதவீதம், குளோமிஃபீன் குழந்தைகளில் 4.8 சதவீதம். புதிய மாத்திரை பழையதைவிட மோசமாக இல்லை. உறவில் யாராவது ஒரு பெரியம்மா 'அந்த மருந்தைத்தான் தடை பண்ணிட்டாங்களே' என்று சொன்னால், அவர் சொல்வது பழைய கதை.

இரண்டில் எது மேல்? 2015-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 900 தம்பதிகள் நான்கு மாதம் வரை ஐயூஐ செய்துகொண்டார்கள். குழந்தை பெற்றவர்கள் குளோமிஃபீனில் 23.3 சதவீதம், லெட்ரோசோலில் 18.7 சதவீதம். குளோமிஃபீன் முந்துகிற மாதிரி தெரிந்தாலும், கருத்தரிப்பில் இரண்டுக்கும் இருந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கரு இரண்டிலும் பத்து சதவீதத்துக்கு முன்னே பின்னே, அதுவும் எல்லாம் இரட்டைதான், மூன்று என்று ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்தத் தம்பதிகளுக்கு எதில் தொடங்கினாலும் தப்பில்லை. குளோமிஃபீனில் உள்சுவர் மெலிந்தால் அடுத்த மாதம் லெட்ரோசோலுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஊசிக்கு ஏன் இவ்வளவு மவுசு

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் மூன்றாவது பிரிவு ஒன்று உண்டு. அவர்களுக்கு ஊசி, அதாவது எஃப்எஸ்எச் அடங்கிய ஹார்மோனை நேராகவே உடம்பில் ஏற்றுவது. குழந்தை பெற்றவர்கள் 32.2 சதவீதம். மாத்திரை இரண்டையும் தாண்டிவிட்டது. ஊசியை எழுதும் டாக்டர் இந்த எண்ணைத்தான் மனதில் வைத்திருப்பார்.

அதே அட்டவணையின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். ஊசியில் நின்ற கர்ப்பங்களில் 32 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்டவை. 24 கர்ப்பங்களில் இரட்டை, 10-இல் மூன்று. அங்கே ஊசியைத் தொடங்கிய டோஸ் நாளொன்றுக்கு 150 யூனிட்.

நெதர்லாந்துக்காரர்கள் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். 738 தம்பதிகள், ஆறு மாதம், 2018-இல் முடிவு வந்தது. ஊசி 75 யூனிட் மட்டும், எதிரில் குளோமிஃபீன் 100 மில்லிகிராம். 14 மில்லிமீட்டருக்கு மேல் மூன்றுக்கும் அதிகமான ஃபாலிக்கிள் வந்துவிட்டால் அந்த மாதம் ரத்து, பேச்சே கிடையாது. முடிவு: தொடர்ந்த கர்ப்பம் ஊசியில் 31 சதவீதம், மாத்திரையில் 26 சதவீதம், இந்த வித்தியாசம் உறுதியானதாக இல்லை. பல கரு ஊசியில் 1.4 சதவீதம், மாத்திரையில் 2.2 சதவீதம்.

இரண்டு ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரியும். ஊசி தன்னளவில் ஆபத்தானதல்ல, அதை எவ்வளவு போடுகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் ஆபத்து. ஆனால் ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் மாத்திரையைத் தாண்டி அது கொடுக்கும் லாபமும் சுருங்கிவிடுகிறது. அப்படியிருக்க, அத்தனை செலவும் அலைச்சலும் எதற்கு?

செலவு என்றால் மருந்து விலை மட்டுமல்ல. மாத்திரை ஒரு மாதத்துக்குச் சில நூறு ரூபாயில் முடியும், ஸ்கேனுக்குத்தான் அதைவிட அதிகம். ஊசி ஒன்றுக்கே அந்தத் தொகையைத் தாண்டும், ஏழு முதல் பத்து நாள் தினமும் போட வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மருந்து டப்பா உட்கார்ந்திருக்கும், மாமியார் எடுத்துப் பார்த்து 'இது என்னம்மா' என்பார். பொடி மருந்தாக இருந்தால் கலக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நர்சிங் ஹோம் தேடி அலைய வேண்டும். ஆபீஸில் பத்து நாளும் ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

(இந்த ஊசியின் பிறப்பும் விசித்திரம். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் எஃப்எஸ்எச், அதன் துணை ஹார்மோனான எல்எச் இரண்டும் நிறைய இருக்கும். 1950-60களில் இத்தாலியில் கன்னியாஸ்திரி மடங்களிலிருந்து சிறுநீர் சேகரித்துத்தான் முதலில் தயாரித்தார்கள். இவை இரண்டும் சேர்ந்த எச்எம்ஜி ஊசிகள் இன்றும் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவைதான், இப்போது நன்றாகச் சுத்திகரிக்கிறார்கள். ரீகாம்பினன்ட் வகை ஆய்வகத்தில் செல்களை வளர்த்துச் செய்வது, விலையும் கூடுதல்.)

ஊசிதான் ஒரே வழி என்று இருப்பவர்களும் உண்டு. மூளையிலிருந்தே எஃப்எஸ்எச், எல்எச் சுரக்காத பெண்களுக்கு மாத்திரை ஒன்றும் செய்யாது. சுரப்பைக் கூட்டச் சொல்லி மூளையைத் தூண்டுவது மாத்திரை, அங்கே சுரப்பே இல்லையே. அவர்களுக்கு எச்எம்ஜி ஊசி தேவை.

ஸ்கேன் அறையில் எடுக்கும் முடிவு

எந்த மருந்தானாலும் உண்மையான முடிவு பத்தாம் பதினோராம் நாள் ஃபாலிக்குலர் ஸ்டடியில்தான் (ஃபாலிக்கிள் வளர்ச்சியை அளக்கும் ஸ்கேன்) நடக்கிறது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே எண்களைச் சொல்கிறார், நர்ஸ் சார்ட்டில் எழுதுகிறார்: வலது 19, 16, 14. இடது 15. எண்டோமெட்ரியம் 8.5. நர்ஸ் சிரித்துக்கொண்டே 'நாலு முட்டை நல்லா வந்திருக்கு மேடம்' என்கிறார். வெளியே காத்திருக்கும் கணவரிடம் அதே சந்தோஷத்தோடு சொல்லப்படுகிறது.

இந்த நான்கு என்பது நல்ல செய்தி இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றின்படி, ஒரே ஃபாலிக்கிள் வளர்ந்த மாதங்களில் கர்ப்பம் 8.4 சதவீதம், பல வளர்ந்த மாதங்களில் 15 சதவீதம். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வாய்ப்பு கூடுகிறது. மூன்றில் இன்னும் கொஞ்சம். நான்காவது வாய்ப்பை மேலும் கூட்டுவதில்லை. அதனால் குறி இரண்டு, தாங்கக்கூடியது மூன்று. அதற்குமேல் போனால் அந்த மாதத்தை விட்டுவிடுவதுதான் முறை. முட்டையை வெளியேற வைக்கும் டிரிகர் ஊசி கிடையாது, ஐயூஐ கிடையாது, வீட்டிலும் அந்த நாட்களில் சேராமல் இருக்க வேண்டும் அல்லது ஆணுறை வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்ல மறக்கும் கிளினிக்குகள் இருக்கின்றன.

'இவ்வளவு செலவு பண்ணிட்டோம் டாக்டர், பண்ணிடுங்க' என்று தம்பதிகளே கெஞ்சுவதும் நடக்கிறது. 'ரெண்டா பொறந்தா ஒரே பிரசவத்துல வேலை முடிஞ்சது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இன்னொரு பக்கம். இரட்டையில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறக்கின்றன. மூன்று என்றால் சராசரியாக 32 வாரத்தில். தனியார் மருத்துவமனையின் என்ஐசியூ (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) பில், ஐயூஐ-யில் மிச்சம் பிடித்ததையெல்லாம் ஒரே வாரத்தில் விழுங்கிவிடும். அதைவிட, பிழைத்த குழந்தைக்குப் பின்னால் வரக்கூடிய பார்வைக் கோளாறு, வளர்ச்சிக் கோளாறு.

எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை ஃபாலிக்கிள் வந்தால் நீங்கள் ரத்து செய்வீர்கள்? எண்ணைச் சொல்லும் டாக்டரை நம்பலாம். 'அதெல்லாம் அப்போ பாத்துக்கலாம்' என்பவரிடம் ஊசிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பெரிய ஃபாலிக்கிள் 18 முதல் 20 மில்லிமீட்டர் வந்ததும் டிரிகராக எச்சிஜி ஊசி, சுமார் 36 மணி நேரம் கழித்து ஐயூஐ. அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை. கர்ப்ப டெஸ்ட் தேடுவதும் இதே எச்சிஜி-யைத்தான். ஊசியில் போட்டது ரத்தத்தில் பத்து நாள் வரை இருக்கும், அவசரப்பட்டு வீட்டில் டெஸ்ட் செய்தால் இரண்டு கோடு தெரிந்து ஏமாற்றும். இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு

இவர்களுக்கு முட்டை வெளியாகாததுதான் பிரச்சினை, ஆகவே ஒரே ஒரு முட்டையை வெளியேற வைத்தால் போதும். லெட்ரோசோல்தான் முதல் மருந்து. 2014-இல் 750 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், குளோமிஃபீனில் 19.1. இங்கே வித்தியாசம் உறுதியானது. கணவரின் பரிசோதனை நன்றாக இருந்தால் முதல் சில மாதங்களுக்கு ஐயூஐ-யே அவசியமில்லை, மாத்திரையும் சரியான நாட்களும் போதும். முன்னால் திட்டிய அதே வழி இங்கே சரியான வழியாகிறது. ஊசி என்றால் இவர்களுக்குத்தான் பயம் அதிகம், ஃபாலிக்கிள்கள் ஒரேயடியாகக் கிளம்பி சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். 37.5 அல்லது 50 யூனிட்டில் தொடங்கி மெதுவாக ஏற்றும் பொறுமை டாக்டருக்கு இருக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது

மாத்திரையில் மூன்று மாதம் நிற்கவில்லை என்றால் 'அடுத்து ஊசியோடு மூன்று பார்க்கலாம்' என்பது பழைய படிக்கட்டு. அந்த நடுப்படி தேவைதானா என்று அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 503 தம்பதிகளை வைத்துச் சோதித்தார்கள், 2010-இல் முடிவு வந்தது. ஒரு மாதத்துக்கான கர்ப்ப வாய்ப்பு குளோமிஃபீன் ஐயூஐ-யில் 7.6 சதவீதம், ஊசி ஐயூஐ-யில் 9.8, ஐவிஎஃப்-இல் 30.7. ஊசிப் படியைத் தாண்டி நேராக ஐவிஎஃப் போனவர்கள் சீக்கிரம் கருத்தரித்தார்கள், ஒரு பிரசவத்துக்கான மொத்தச் செலவும் குறைந்தது. ஊசி ஐயூஐ-க்கு மூன்று மாதம் கொட்டும் பணத்தை ஐவிஎஃப்-க்கு எடுத்து வைப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

விந்து கழுவிய பிறகு நீந்தும் அணுக்கள் 10 லட்சத்துக்குக் கீழே இருந்தால் எந்த மருந்தும் ஐயூஐ-யைக் காப்பாற்றாது, இக்ஸி (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் ஐவிஎஃப் முறை) பற்றிப் பேச வேண்டும்.

38 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஒப்பீடு முழுவதுமே சுருங்கிவிடுகிறது. 38 முதல் 42 வயதுக்குட்பட்ட பெண்களை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு சுற்றுக்குள் கருத்தரித்தவர்கள் மாத்திரை ஐயூஐ-யில் 21.6 சதவீதம், ஊசி ஐயூஐ-யில் 17.3, நேராக ஐவிஎஃப் போனவர்களில் 49. இந்த வயதில் ஊசி மாத்திரையைக்கூடத் தாண்டவில்லை. பணம் இருந்தால் நேராக ஐவிஎஃப். இல்லையென்றால், பணம் சேரும் இரண்டு மூன்று மாதத்துக்குள் மாத்திரையோடு ஐயூஐ செய்துகொண்டிருக்கலாம், ஊசி வேண்டாம்.